கையடக்க கேம் கன்சோல்கள்: வேகத்துக்கு விலையா, வாட்டுக்கு விலையா?

1989-ம் ஆண்டு அமெரிக்கக் கடைகளுக்கு இரண்டு கையடக்க கேம் கன்சோல்கள் சில மாத இடைவெளியில் வந்தன. ஒன்று நிண்டெண்டோவின் கேம் பாய், விலை சுமார் 90 டாலர். இன்னொன்று அடாரியின் லிங்க்ஸ், சுமார் 180 டாலர். இரண்டின் விவரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேம் பாய் பிழைக்க வழியே இல்லை என்றுதான் தோன்றும். லிங்க்ஸுக்கு வண்ணத் திரை. 4,096 நிறங்களில் இருந்து ஒரே நேரத்தில் 16 நிறங்களைக் காட்டும். திரைக்குப் பின்னால் விளக்கு உண்டு. படங்களை நொடியில் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தனியாக ஒரு 16 பிட் கிராபிக்ஸ் சிப் இருந்தது. மெமரி 64 கேபி. கேம் பாயில் பிரதான மெமரி 8 கேபி, 4.19 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் பிராசசர், பச்சை படிந்த திரையில் நான்கே நான்கு அடர்த்திகள். விளக்கு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டுதான் விளையாட வேண்டும்.

அந்தக் கேம் பாய்தான், பின்னால் வந்த வண்ணத் திரை மாடலையும் சேர்த்து, உலகம் முழுக்க 11.8 கோடிக்கு மேல் விற்றது. லிங்க்ஸ் சில ஆண்டுகளில் கடைகளிலிருந்தே மறைந்தது.

விலை பாதியாக இருந்தது ஒரு காரணம், கூடவே கொடுத்த டெட்ரிஸ் கேம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் பேட்டரிப் பெட்டிக்குள் இருந்தது. கேம் பாய்க்கு நான்கு பென்சில் பேட்டரி போட்டால் சுமார் 15 மணி நேரம் ஓடும். லிங்க்ஸுக்கு ஆறு வேண்டும், நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். லிங்க்ஸ் ஒரு மணி நேர ஆட்டத்துக்கு ஒரு பேட்டரிக்கு மேல் தின்றது. கேம் பாயில் ஒரு பேட்டரிக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேர ஆட்டம் கிடைத்தது. லிங்க்ஸை வாங்கிய பிறகும் அதற்குச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும். கொடுப்பதோ பெரும்பாலும் பெற்றோர்.

கேம் பாயின் முதுகில் அச்சிட்டிருக்கும் மின்சாரத் தேவை 0.7 வாட். கையடக்கக் கன்சோல்களை ஒப்பிட உட்காரும்போது முதலில் தேட வேண்டியது இந்த மாதிரி எண்ணைத்தான் என்பது என் திடமான கருத்து. மெகாஹெர்ட்ஸ், மெமரி, டெராஃப்ளாப்ஸ் எல்லாம் அப்புறம். வீட்டில் டிவியோடு இணைக்கும் கன்சோல் சுவர் பிளக்கிலிருந்து 200 வாட் வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளும். கையில் பிடிப்பதற்கு அந்த வசதி இல்லை. பேட்டரியில் இருப்பது இவ்வளவுதான். உள்ளங்கை தாங்கும் சூடும் இவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எவ்வளவு வேலை வாங்க முடிகிறது என்பதுதான் கையடக்கக் கன்சோலின் உண்மையான பலம். அதன் விலையில் பெரும்பகுதியும் வாட்டை மிச்சப்படுத்தவே செலவாகிறது.

வெளிச்சத்தின் விலை

லிங்க்ஸும், அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த செகாவின் கேம் கியரும் பேட்டரியை அப்படித் தின்றதற்குப் பிராசசர் முக்கியக் காரணம் அல்ல. கேம் கியரில் இருந்தது 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80, அன்றைக்கே பழைய சிப். மின்சாரத்தைக் குடித்தது விளக்கு.

எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் ஒளியை மறைப்பதும் விடுவதும்தான் அதன் வேலை. ஒளி முதலில், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு போலராய்டு படலத்தைத் தாண்ட வேண்டும். அங்கேயே பாதிக்கு மேல் போய்விடும். பிறகு ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். சிவப்பு வடிகட்டி மற்ற இரண்டு நிறங்களையும் தடுத்துவிடும் என்பதால் மிஞ்சியதிலும் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரும். கடைசியில் கண்ணுக்குக் கிடைப்பது விளக்கு கொடுத்த ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் காலத்தில் அந்த விளக்கும் ஒரு சின்ன ஃபுளோரசென்ட் குழாய். அதை எரிய வைக்கவே பேட்டரியின் சில வோல்ட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக ஏற்ற வேண்டும், அதிலும் இழப்பு.

கேம் பாயை உருவாக்கிய அணியின் தலைவர் குன்பெய் யோகோய் இந்தச் சண்டைக்கே போகவில்லை. நன்றாகப் பழகிப்போன, விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்துவது அவருடைய வழி. அறையின் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும் திரையை எடுத்துக்கொண்டார். வண்ண வடிகட்டி இல்லாததால் அந்த வெளிச்சம் பாதியிலேயே செத்துப்போகவும் இல்லை. விளக்குக்கான மின்செலவு பூஜ்யம்.

இதே வழியில் போன நிண்டெண்டோ 2001-ல் ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தது. கேம் பாய் அட்வான்ஸ் அமெரிக்காவில் 100 டாலருக்கு வந்தது, 16.8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் ஆர்ம் பிராசசர், இரண்டே பென்சில் பேட்டரியில் 15 மணி நேரம். கணக்கு அற்புதம்தான். ஆனால் வண்ணத் திரையை விளக்கில்லாமல் விட்டார்கள். வெளிச்சம் வடிகட்டிகளைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இரண்டு தரம் கடக்க வேண்டியதால் திரை இருண்டு கிடந்தது. ஜன்னலோரம் தேடி உட்கார வேண்டிய நிலை.

இதைத் தீர்த்தது கேம் துறையே இல்லை. 1990-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் பிரகாசமான நீல எல்இடியைச் செய்து முடித்தார்கள் (இதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு). நீல எல்இடி வந்ததும் அதன்மேல் ஒளியின் நிறத்தை மாற்றும் பாஸ்பர் பூசி வெள்ளை எல்இடி செய்ய முடிந்தது. குறைந்த வோல்ட்டில், கொஞ்சம் மின்சாரத்தில், வெள்ளை ஒளி. 2003-ல் வந்த அட்வான்ஸ் எஸ்பி மாடலில் விளக்கும், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியும் இருந்தன. விளக்கு போட்டால் 10 மணி நேரம், அணைத்தால் 18. விலை அதே 100 டாலர். பிராசசரில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் வாங்கியவர்களுக்கு அது புதிய கருவியாகவே இருந்தது.

வேகத்தை ஏற்றினால் என்ன ஆகும்?

சரி, விளக்கு மலிவாகிவிட்டது. அதன் பிறகு பேட்டரியின் பெரும்பகுதியைப் பிராசசர் பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு சின்ன இயற்பியல் விதி எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது.

சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதற்கு ஆகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது கிளாக் வேகம். ஆக, மின்செலவு என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைக் கிளாக் வேகத்தால் பெருக்கிய அளவில் ஏறும். அத்தோடு போனால் பரவாயில்லை. கிளாக்கைக் கூட்ட வேண்டுமானால் டிரான்சிஸ்டர் இன்னும் சீக்கிரம் மாற வேண்டும், அதற்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு, வேகத்தை 50 சதவீதம் ஏற்ற மின்னழுத்தத்தை 25 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.25 × 1.25 × 1.5 என்றால் 2.3 மடங்குக்கு மேல். ஒன்றரை மடங்கு வேலைக்கு இரண்டே கால் மடங்குக்கு மேல் மின்சாரம். அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும்.

சோனியின் பிஎஸ்பி இதற்கு நல்ல சாட்சி. 2004 டிசம்பரில் ஜப்பானிலும் 2005 மார்ச்சில் அமெரிக்காவிலும் வந்தது. அமெரிக்க விலை 250 டாலர். அதன் பிராசசர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனால் கேம்களுக்கு 222 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கொடுக்காமல் சோனியே பூட்டி வைத்தது. முழு வேகத்தில் விட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்; கேம் தட்டைச் சுழற்றும் மோட்டார் வேறு ஒரு பங்கு கேட்டது. 2007-ல்தான் மென்பொருள் மூலம் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். வாங்கியவர்களின் கையில் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த வேகம் இருந்தும் இல்லாமல் இருந்தது. காகிதத்தில் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸ் என்பது உச்ச வரம்புதான் என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்கலாம்.

அதே காலத்தில் வந்த நிண்டெண்டோ டிஎஸ் 67 மெகாஹெர்ட்ஸ், 4 எம்பி மெமரி, 150 டாலர். பிஎஸ்பியில் 32 எம்பி. பலத்தில் ஒப்பீடே கிடையாது. விற்பனையில் டிஎஸ் 15.4 கோடி, பிஎஸ்பி சுமார் 8 கோடி. இரண்டு திரை, தொடுதிரை என்ற யோசனைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவை வாட் அதிகம் கேட்காத யோசனைகள் என்பதும் கவனிக்க வேண்டியது.

மேலே சொன்ன விதியைத் தலைகீழாகத் திருப்பினால் இன்றைய சிப் வடிவமைப்பின் ரகசியம் கிடைக்கும். ஒரு வேலையை ஒரே கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) முழு வேகத்தில் செய்வதற்குப் பதில், இரண்டு கோர்கள் பாதி வேகத்தில் செய்யட்டும். வேகம் பாதியானதால் மின்னழுத்தத்தை, உதாரணத்துக்கு, 30 சதவீதம் குறைக்க முடிகிறது என்றால்: இரண்டு கோர், பாதி கிளாக், 0.7-ன் வர்க்கம் 0.49. பெருக்கிப் பார்த்தால் மொத்த மின்செலவு பாதிக்கும் கீழே. வேலை அதே அளவு. கிராபிக்ஸ் வேலையைப் பங்கு போடுவது சுலபம். லட்சக்கணக்கான பிக்சல்களையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். அதனால் இந்த உபாயம் அங்கே நன்றாகவே எடுபடும்.

ஆனால் இது இலவசம் இல்லை. இரண்டு மடங்கு கோர் என்றால் சிலிக்கனில் இரண்டு மடங்கு இடம். சிப்களை வட்டமான சிலிக்கன் தகடுகளில் செய்து வெட்டி எடுக்கிறார்கள், ஒரு தகட்டுக்கு இவ்வளவு என்று விலை. சிப் பெரிதானால் ஒரு தகட்டில் குறைவான எண்ணிக்கைதான் கிடைக்கும். பெரிய சிப்பில் எங்காவது ஒரு குறை விழும் வாய்ப்பும் அதிகம், அப்படி விழுந்தால் அந்தத் துண்டு வீண். ஆகவே வாட்டைக் குறைக்க வேண்டுமானால் காசைக் கூட்ட வேண்டும். காசைக் குறைத்தால் வாட் ஏறும்.

2017 மார்ச்சில் 300 டாலருக்கு வந்த நிண்டெண்டோ ஸ்விட்சின் கிராபிக்ஸில் 256 கோர்கள். டிவியோடு இணைத்தால் 768 மெகாஹெர்ட்ஸ். கையில் எடுத்தால் பெரும்பாலும் 307 அல்லது 384 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 2025 ஜூனில் 450 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2-ல் 1,536 கோர்கள், ஆறு மடங்கு. ஆனால் கையில் இருக்கும்போது கிளாக் வெறும் 561 மெகாஹெர்ட்ஸ், டிவியில் 1,007. இன்றைய மேசைக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுகள் 2,000-க்கு மேல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் சோப்ளாங்கியாகத் தெரியும். பெரிய சிப்பை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்கும் 150 டாலரில் கணிசமான பங்கு இந்த நிதானத்துக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு.

மின்செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: அதே சிப்பை இன்னும் நுண்ணிய முறையில் தயாரிப்பது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2019-ல் நடந்தது. நிண்டெண்டோ சத்தமில்லாமல் ஸ்விட்சின் சிப்பை 20 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலிருந்து 16-க்கு மாற்றியது. வேகம் அதே. பேட்டரி அதே 4,310 மில்லி ஆம்பியர்-மணி. விலை அதே 300 டாலர். முன்பு 2.5 முதல் 6.5 மணி நேரம் வந்த பேட்டரி, இப்போது 4.5 முதல் 9 மணி நேரம் வந்தது. விவரப் பட்டியலில் வேகம் என்ற வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் கனமான கேம் விளையாடுபவருக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. இதைவிடப் பெரிய முன்னேற்றத்தை ஒரு கையடக்கக் கருவியில் கேட்க முடியாது.

டெராஃப்ளாப்ஸ் என்ற எண்

இப்போது விளம்பரங்களில் அதிகம் அடிபடும் அளவு டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்குகள் போட முடியும் என்பது. கணக்கிடுவது சுலபம். கோர்களின் எண்ணிக்கை, பெருக்கல் இரண்டு (ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்), பெருக்கல் கிளாக் வேகம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், 2022 பிப்ரவரியில் 399 டாலரில் தொடங்கியது: 512 கோர், உச்சத்தில் 1.6 கிகாஹெர்ட்ஸ், ஆக 1.6 டெராஃப்ளாப்ஸ். ஸ்விட்ச் 2 கையில் இருக்கும்போது 1.7, டிவியில் 3.1. 2023 ஜூனில் 700 டாலருக்கு வந்த அசுஸின் ராக் அல்லையில் உள்ள சிப்புக்கு, அதைச் செய்த ஏஎம்டி நிறுவனம் சொன்ன எண் 8.6.

இதை நம்பினால் அல்லை, ஸ்டீம் டெக்கைவிட ஐந்து மடங்கு பலம் வாய்ந்தது. கையில் எடுத்து விளையாடியவர்கள் யாரும் ஐந்து மடங்கைப் பார்த்ததில்லை. மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, 8.6 என்ற எண் பிறந்த விதம். அந்தச் சிப்பில் 768 கோர்கள். 2.8 கிகாஹெர்ட்ஸ் வைத்துப் பெருக்கினால் 4.3 தான் வருகிறது. அந்தத் தலைமுறை கோர்கள் ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளை எடுத்துக்கொள்ளும் வசதி பெற்றவை என்பதால் அதை இரண்டால் பெருக்கிவிட்டார்கள். கட்டளைகள் சரியாக ஜோடி சேரும்போது மட்டும்தான் அந்த வசதி பயன்படும். சாதாரண கேமில் அது எப்போதாவதுதான் அமையும்.

இரண்டாவது, மறுபடியும் வாட். 4.3-ஐத் தொட வேண்டுமானால் சிப்புக்கு 25, 30 வாட் கொடுக்க வேண்டும். அல்லையின் பேட்டரி 40 வாட்-மணி (அதாவது 40 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு), ஸ்டீம் டெக்கிலும் அதே 40. சிப் மட்டும் 30 வாட் இழுத்து, அதோடு திரை, மின்விசிறி, மெமரி எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாங்குவதே சந்தேகம். ஸ்டீம் டெக்கின் சிப் 15 வாட்டுக்கு மேல் போகாதபடி வடிவமைத்தது. அல்லையையும் 15 வாட்டுக்குக் கட்டிப்போட்டு ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: மெமரியிலிருந்து தகவல் வரும் வேகம். கல்யாணப் பந்தியில் பரிமாற எத்தனை பேர் நின்றாலும், சமையல்கட்டிலிருந்து வாளி வந்து சேரும் வேகத்தில்தான் இலையில் சோறு விழும். கோர்கள் பரிமாறுபவர்கள், மெமரிதான் அந்த வாளி வரும் வழி. ஸ்டீம் டெக்கில் நொடிக்கு 88 ஜிபி. அல்லையில் 102 ஜிபி. காகிதத்தில் ஐந்து மடங்கு பலம், ஆனால் மெமரியின் வேகம் 16 சதவீதம்தான் அதிகம். கிராபிக்ஸ் கார்டுகளுக்குத் தனியாக வேகமான மெமரி உண்டு. கையடக்கக் கருவியிலோ பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மெமரியை வேகப்படுத்தினால் அதுவும் வாட்டைக் கேட்கும். ஸ்விட்ச் 2 கையில் இருக்கும்போது மெமரியின் வேகத்தையும் 102-லிருந்து 68 ஜிபிக்குக் குறைத்துக்கொள்வது இதனால்தான்.

இதோடு திரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்டீம் டெக்கின் திரை 1280 × 800, சுமார் 10 லட்சம் பிக்சல். அல்லையின் திரை 1920 × 1080, சுமார் 21 லட்சம். இரண்டு மடங்கு பிக்சலை நிரப்பவே பாதி பலம் போய்விடும். ஏழு அங்குலத் திரையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், எழுத்துகளில் தெரியும், ஓடும் காட்சியில் அவ்வளவாகத் தெரியாது. ஸ்டீம் டெக்கின் திரையைக் குறைவாக வைத்தது கஞ்சத்தனம் என்று பலர் எழுதினார்கள். பேட்டரியையும் சிப்பையும் பார்த்தால் அதுதான் சரியான முடிவு.

ஸ்விட்ச் 2 இதற்கு வேறு வழி பிடித்தது. காட்சியைக் குறைந்த பிக்சல்களில் வரைந்து, பயிற்சி கொடுத்த நரம்பியல் வலைப்பின்னல் (செயற்கை நுண்ணறிவு) மென்பொருளால் பெரிதாக்குகிறது. சிப்பைச் செய்த என்விடியா நிறுவனம் இதை டிஎல்எஸ்எஸ் என்கிறது. அந்தக் கணக்குக்கென்றே சிப்பில் தனிப் பகுதி உண்டு. முழு அளவில் வரைவதைவிட இதற்கு மின்சாரம் குறைவாகவே ஆகும். இந்த லாபம் டெராஃப்ளாப்ஸ் எண்ணில் எங்கும் தெரியாது.

விலைச் சீட்டில் இல்லாதவை

அறிமுக விலை என்பது உற்பத்திச் செலவோடு லாபத்தைச் சேர்த்த எண் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கன்சோலைச் செய்பவருக்குக் கேம் விற்பனையிலும் பங்கு உண்டு. அதனால் கருவியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஸ்டீம் டெக்கின் 399 டாலர் விலை தங்களுக்கு வலிக்கக்கூடிய விலை என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல்லே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அந்த வலியைத் தாங்க அவர்களிடம் ஸ்டீம் என்ற கேம் கடை இருக்கிறது. அசுஸுக்கு அப்படி ஒரு கடை கிடையாது. அல்லையில் ஒருவர் வாங்கும் கேமுக்கான பணம் வால்வுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோதான் போகும். கருவியிலேயே லாபம் பார்த்தாக வேண்டும். 399-க்கும் 700-க்கும் உள்ள தூரத்தில் சிப்பின் வித்தியாசம் ஒரு பகுதி, இந்த வியாபார வித்தியாசம் ஒரு பகுதி.

விலையை வேறு இடத்தில் ஒளித்து வைப்பதும் உண்டு. சோனியின் பிஎஸ் வீட்டா 2012-ல் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. நான்கு கோர் ஆர்ம் பிராசசர், 512 எம்பி மெமரி, பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் ஐந்து அங்குல ஓஎல்இடி திரை. அந்தக் காலத்துக்கு அசாத்தியமான கருவி, இன்றைக்கும் அதன் திரை அழகு. ஆனால் சாதாரண மெமரி கார்டு அதில் வேலை செய்யாது. சோனியின் தனிக் கார்டுதான் வேண்டும். 32 ஜிபிக்கு 100 டாலர். விளம்பரத்தில் 250, கையிலிருந்து போவது 350. விலையை ஒப்பிடும்போது விளையாடத் தொடங்க மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு வீட்டாவைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

வீட்டாவின் போட்டியாளரான நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலர். கண்ணாடி போடாமல் முப்பரிமாணம் காட்டும் திரை அதன் பெருமை. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்ட, திரையின் முன்னால் நுண்ணிய தடுப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் பாதிப் பிக்சல்களே தெரியும், வெளிச்சமும் பாதி. அதை ஈடுகட்ட விளக்கைக் கூட்ட வேண்டும். விளைவு, பேட்டரி 3 முதல் 5 மணி நேரம். டிஎஸ்ஸில் பழகியவர்களுக்கு இது பெரிய இறக்கம், விலையோ ஏற்றம். விற்பனை படுத்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் 170 டாலருக்கு இறக்கினார்கள். முதலிலேயே வாங்கியவர்களுக்குச் சமாதானமாக 20 பழைய கேம்கள் இலவசம். நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாதா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலை இறங்கிய பிறகு 3டிஎஸ் எழுந்து, கடைசியில் 7.5 கோடிக்கு மேல் விற்றது. பலத்தில் எட்டாத உயரத்தில் இருந்த வீட்டா அதன் அருகில்கூட வரவில்லை.

பழைய விலைகளைப் புதியவற்றோடு வைக்கும்போது பணவீக்கத்தையும் சேர்க்க வேண்டும். அமெரிக்க விலைவாசி 1989-லிருந்து 2025-க்குள் சுமார் 2.6 மடங்கு ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கில் கேம் பாய் இன்றைய 230 டாலர். லிங்க்ஸ் கிட்டத்தட்ட 465 டாலர்; அதாவது ஸ்விட்ச் 2-ன் அறிமுக விலையை ஒட்டி வருகிறது. விலை அதிகம் என்று அன்று ஒதுக்கிவைத்த கருவியின் விலைக்கு இன்று மக்கள் முதல் வாரத்திலேயே வரிசையில் நின்று வாங்கினார்கள். அன்று அது பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பொம்மை. இன்று வேலைக்குப் போகும் பெரியவர்கள் தங்களுக்கே வாங்கிக்கொள்கிறார்கள். டிவி கன்சோலும் அதுவே என்பதால் வீட்டுக்கு ஒன்றே போதும் என்ற கணக்கும் சேர்ந்திருக்கிறது.

ஊருக்கு ஊர் விலை மாறுவதும் உண்டு. ஜப்பானிய மொழி மட்டும் உள்ள ஸ்விட்ச் 2, 2025-ல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வந்தது. எல்லா மொழிகளும் உள்ளது 69,980 யென். உள்ளே இருக்கும் சிப் அதேதான். யென்னின் மதிப்பு சரிந்திருந்ததால் உள்நாட்டுக்காரருக்கு விலையைக் குறைத்தார்கள். வெளிநாட்டுக்காரர் அதை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க மொழிப் பூட்டு. இந்தியாவில் நிண்டெண்டோவுக்கு நேரடி விற்பனை இல்லை, இறக்குமதி செய்யும் கடைக்காரர் வைப்பதுதான் விலை. அல்லை மட்டும் 2023-ல் 69,990 ரூபாய் என்று முறையாக வந்தது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கன்சோல் பழசானால் விலை இறங்கும். சிப் தயாரிப்பு நுண்ணியதாக ஆக ஆக, அதே வேலையைச் செய்யும் சிப் சின்னதாகி மலிவாகும் என்பதே அந்த நம்பிக்கையின் அடித்தளம். இப்போது ஒவ்வொரு புதிய தயாரிப்பு முறைக்கும் தகட்டின் விலை அதிகமாக ஏறுவதால் அந்த லாபம் கரைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில், வெளிவந்து எட்டு வருடம் ஆன முதல் ஸ்விட்சின் விலையை நிண்டெண்டோ அமெரிக்காவில் 300-லிருந்து 340 டாலராக உயர்த்தியது. சந்தை நிலவரம் என்று காரணம் சொன்னார்கள். காத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும் என்ற பழைய யோசனையை இனி யாருக்கும் சொல்வதற்கில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் அசுஸும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அல்லை எக்ஸ் 1,000 டாலரைத் தொட்டது. 24 ஜிபி மெமரி, 80 வாட்-மணி பேட்டரி. ஸ்டீம் டெக்கின் முதல் மாடலைவிட இரண்டு மடங்கு பேட்டரி. ஆனால் இந்த வழியில் அதிக தூரம் போக முடியாது. பேட்டரி பெரிதானால் கை வலிக்கும், அது ஒருபுறம். விமானப் பயணிகள் கையோடு கொண்டுபோகும் கருவிகளின் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. 80-லிருந்து 100-க்கு இன்னும் 20 தான் மிச்சம். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால், ஒவ்வொரு வாட்டிலும் கூடுதல் வேலை வாங்கும் பெரிய, நிதானமான, விலை கூடிய சிப்தான் வழி.